மலையிலிருந்து சென்னைக்கு: அருங்காட்சியகங்கள், பழைய கட்டடங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரியிலும் அதைச் சுற்றியுள்ள ஹட்டிகள் என்னும் படுகர் ஊர்களிலும் தேயிலைத் தோட்டங்களிலும் இருந்து ஆண்டுக்கு ஒரு முறை, பதினைந்து பேருக்கு மிகாத ஒரு குழுவைச் சென்னைக்கு அழைத்துச் சென்று அங்குள்ள அருங்காட்சியகங்களையும் பழைய கட்டடங்களையும் காட்டி வருவது என் வழக்கம். இது எனக்குத் தொழில் அன்று. ஆனால் ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் தொலைபேசியில் வரும் கேள்விகள் ஏறத்தாழ ஒன்றாகவே இருப்பதால், அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே குறித்து வைத்து, பதில்களுடன் இங்கே தொகுத்திருக்கிறேன். முதலில் எளியவை, கடைசியில் உள்ளவற்றுக்கு எனக்கே பதில் சொல்லி முடிப்பது கடினம்.

மலையில இல்லாததையா சென்னையில பாக்கப் போறோம்? அங்க வெயிலும் நெரிசலும்தானுங்களே?

மலையில் இல்லாததைப் பார்க்க அல்ல. மலையில் இருந்து போனதைப் பார்க்கத்தான் முதலில் போகிறோம். 1868-இல் நீலகிரி தனி ஆணையரின் கீழ் வந்தபோது அப்பதவியில் முதலில் அமர்ந்தவர் ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸ். ஊட்டியில் பிரீக்ஸ் பள்ளியைத் தெரியாதவர் இல்லை. அந்தப் பெயர் இவருடையதுதான். நம் மலை முகடுகளில் கல்லை வட்டமாக அடுக்கிக் கட்டிய பழைய ஈமக் குழிகள் பலவற்றை இவர் 1870-களின் தொடக்கத்தில் தோண்டச் செய்தார். பணி முடிந்த கையோடு 1872-இல் இறந்தும் போனார். அவர் எழுதி வைத்ததை அவருடைய மனைவி 1873-இல் நூலாக வெளியிட்டார். குழிகளில் கிடைத்த பானைகள், உருவம் வைத்த மூடிகள், வெண்கலக் கிண்ணங்கள், இரும்புக் கருவிகள் ஆகியவற்றில் பெரும் பகுதி சென்னை அருங்காட்சியகத்துக்குச் சென்று சேர்ந்தது.

ஆகவே, தம் ஊர் மண்ணுக்கடியில் இருந்ததைக் காண ஒருவர் கோத்தகிரியிலிருந்து எழும்பூர் வரை போக வேண்டியிருக்கிறது. இதை முறை என்றும் சொல்லலாம், முறையின்மை என்றும் சொல்லலாம். அந்த வழக்கைப் பின்னால் ஒரு கேள்வியில் எடுத்துக்கொள்கிறேன்.

எழும்பூர் மியூசியம்ங்கறது ஒரே கட்டடமா? ஒரு மணி நேரத்துல முடிச்சிரலாமா?

ஒரே கட்டடம் அன்று; ஒரு வளாகம். 1851-இல் தொடங்கப்பட்ட அருங்காட்சியகம், இடம் போதாமல் 1854-இல் இப்போதுள்ள பாந்தியன் சாலை வளாகத்துக்கு மாறியது. அதற்கு முன்பு அங்கே இருந்த பாந்தியன் என்னும் கேளிக்கை மாளிகையின் பெயரைத்தான் அந்தச் சாலை இன்றும் சுமந்துகொண்டிருக்கிறது. முதல் பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபோர் என்னும் மருத்துவர். அவர் காலத்தில் இங்கே உயிருள்ள விலங்குகளையும் வைத்திருந்தார்கள். பிறகு அவை சென்ட்ரல் அருகே இருந்த பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போயின. அதனால் பழைய சென்னைவாசிகள் விலங்குக் காட்சிச்சாலையை ‘உயிர் காலேஜ்’ என்றும், பாடம் செய்த விலங்குகள் நிற்கும் எழும்பூரைச் ‘செத்த காலேஜ்’ என்றும் சொல்வார்கள். ஆட்டோக்காரர்களில் வயதானவர் எவரேனும் இன்றும் இந்தப் பெயரைச் சொல்லிச் சிரிப்பதுண்டு.

இந்த வளாகத்துக்குள்ளேயே 1896-இல் திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகமும், அரைவட்ட இருக்கைகள் கொண்ட மியூசியம் தியேட்டரும், ஹென்றி இர்வின் வடிவமைத்து 1909-இல் திறந்த தேசியக் கலைக்கூடமும், வெண்கலச் சிலைகளுக்கான தனிக் கட்டடமும் உள்ளன. ஒரு மணி நேரத்தில் முடிக்கலாம். ஆனால் முடித்தது நடையாக மட்டுமே இருக்கும். எங்கள் குழுவுக்கு நான் ஒதுக்குவது நான்கு மணி நேரம்.

எந்தக் கிழமை போனா எல்லாம் திறந்திருக்கும்?

எல்லாம் ஒரே நாளில் திறந்திருக்கும் கிழமைகள் புதனும் வியாழனும் சனியும் ஞாயிறும்தாம். எழும்பூர் அருங்காட்சியகத்துக்கும் புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்துக்கும் வெள்ளி விடுமுறை; வில்லிவாக்கம் ரயில் அருங்காட்சியகத்துக்கும் மெரினா கலங்கரை விளக்கத்துக்கும் திங்கள்; பழைய வீடுகளைக் காட்டும் முட்டுக்காடு தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய். தேசிய விடுமுறை நாள்களையும் தவிர்த்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் வெண்கலச் சிலைகளின் முன் நிதானமாக நிற்க முடியாது என்பதால், நான் தேர்ந்தெடுப்பது புதனும் வியாழனும்.

நான் முதன்முதலாக அழைத்துச் சென்ற குழு, இரவெல்லாம் ரயிலில் பயணம் செய்துவிட்டு, ஒரு வெள்ளிக்கிழமை காலையில் பூட்டிய வாயிலின் முன் பதினோரு பேராக நின்றது. தவறு முழுவதும் என்னுடையதுதான். அவர்களில் ஒரு அக்கா இன்றுவரை என்னைப் பார்த்தால் நலம் விசாரிப்பதில்லை; “இன்னிக்கு என்ன கிழமைங்க?” என்றுதான் கேட்கிறார்.

மே மாச லீவுலதான் பிள்ளைகளுக்கு ஓய்வு. அப்பப் போகலாமா?

வேண்டாம். நம் மலையில் மே மாதம் சீசன். வண்டி ஓட்டுபவரும் கடை வைத்திருப்பவரும் அப்போது ஊரை விட்டு நகர முடியாது. அதையும் மீறிப் போனால், இருபது டிகிரியைத் தாண்டினாலே மின்விசிறி தேடும் நம் உடம்புக்குச் சென்னையின் கத்திரி வெயில் தண்டனையாகிவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் நடுப்பகுதி வரை வடகிழக்குப் பருவமழை. அந்த மழை சென்னையை மட்டும் நனைப்பதில்லை. கோத்தகிரி, குன்னூர் மலைப்பாதைகளில் மண்சரிவையும் கொண்டுவருவதால், இறங்கினால் திரும்பி ஏறுவது எப்போது என்பதற்கு உறுதி இல்லை. ஜனவரியும் பிப்ரவரியும் ஏற்றவை. பொங்கலுக்கு அடுத்த வாரம் கூட்டமும் குறைந்துவிடும்.

எப்படிப் போறது, எங்க தங்கறது?

மேட்டுப்பாளையத்திலிருந்து இரவில் புறப்படும் நீலகிரி எக்ஸ்பிரஸ் காலையில் சென்ட்ரலில் இறக்கிவிடும். சென்ட்ரலிலிருந்து எழும்பூர் மெட்ரோவில் அடுத்த நிலையம். எழும்பூர் ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள கென்னத் லேனில் எல்லா விலையிலும் விடுதிகள் இருக்கின்றன. அங்கிருந்து அருங்காட்சியகத்துக்கு நடந்தே போகலாம். ஸ்வெட்டரை மேட்டுப்பாளையத்தில் கழற்றிப் பையில் வைத்துவிடுங்கள். திரும்பும் வரை அதற்கு வேலை இல்லை.

நாலு நாளைக்கு எத்தனை இடம் பாக்கலாம்? லிஸ்ட் குடுங்க.

பட்டியல் கேட்பவர்களுக்கு நான் சொல்வது, ஒரு நாளைக்கு இரண்டு இடம், அதுவும் காலையில் ஒன்று, வெயில் தாழ்ந்த பிறகு ஒன்று என்பதுதான். சுற்றுலா வண்டிகளில் நம் ஊருக்கு வருபவர்கள் தாவரவியல் பூங்கா, படகு இல்லம், தொட்டபெட்டா, சிம்ஸ் பூங்கா என்று ஒரே பகலில் ஓடுவதைப் பார்த்து நாம் உள்ளுக்குள் இரங்குகிறோம் அல்லவா? சென்னையில் நாமும் அப்படி ஓட வேண்டிய அவசியம் இல்லை.

எழும்பூர்ல எங்கிருந்து ஆரம்பிக்கறது? போனா எல்லாம் ஒரே மாதிரி கல்லா தெரியுது.

கல்லிலிருந்தே தொடங்குங்கள். 1863 மே 30 அன்று, சென்னையை ஒட்டிய பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்னும் நிலவியலாளர் சரளைக் குழி ஒன்றில் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால மனிதர் வாழ்ந்தனர் என்ற ஆய்வு அந்தக் கண்டெடுப்பிலிருந்து வளர்ந்தது. அவர் பின்னாளில் தம் வாழ்நாள் சேகரிப்பைச் சென்னை அருங்காட்சியகத்துக்கே விற்றார்; பிரீக்ஸ் அனுப்பிய நீலகிரிப் பொருள்களுக்கும் விரிவான அட்டவணை தயாரித்தார். கையில் பிடிக்கும் கல்லாக மட்டும் அதைப் பார்க்காமல், எந்தப் பக்கம் உடைத்திருக்கிறார்கள், கட்டைவிரல் எங்கே பதிந்திருக்கும் என்று பார்த்தால், கல் ஒரே மாதிரி தெரிவது நின்றுவிடும்.

அடுத்தது வெண்கலக் கூடம். திருவாலங்காட்டு நடராசரையும் திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரரையும் பார்க்காமல் திரும்ப வேண்டாம். அர்த்தநாரீசுவரரை முன்னால் நின்று பார்த்துவிட்டு, மெல்ல வலமாகவும் இடமாகவும் நகர்ந்து பாருங்கள். ஒரு பக்கம் இரு கைகள், மறு பக்கம் ஒரே கை, இடுப்பின் வளைவும் தோளின் அகலமும் பக்கத்துக்குப் பக்கம் மாறுவதைக் கண்டுகொள்வீர்கள். இவை மெழுகில் உருவம் செய்து, மேலே களிமண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றி வார்த்தவை. அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க முடியும் என்பதால் ஒன்றைப் போல் மற்றொன்று இல்லை.

மூன்றாவது, ஆந்திரத்தின் அமராவதி பௌத்த ஸ்தூபியிலிருந்து வந்த சுண்ணாம்புக்கல் புடைப்புச் சிற்பங்கள். கம்பெனி அதிகாரி வால்டர் எலியட் 1845-இல் தோண்டி எடுத்தவற்றுள் ஒரு பகுதி சென்னையிலிருந்து லண்டனுக்குக் கப்பலேறியது. இங்கே இருப்பவை அதே ஸ்தூபியின் மற்றச் சிற்பங்கள். பிள்ளைகள் கூட வந்தால் திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டை நான்காவதாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் காட்டினால் மற்ற மூன்றும் எடுபடாது.

நம்ம நீலகிரிச் சாமான்ல எதைக் குறிப்பாப் பாக்கணும்?

மூடிகளை. நீலகிரி ஈமக் குழிகளில் கிடைத்த பானைகள் சமவெளித் தாழிகளைப் போன்றவை அல்ல; வளையத்தின் மேல் வளையம் அடுக்கியது போல் உயரமானவை. அவற்றின் மூடியின் உச்சியில், பிடிக்கும் குமிழுக்குப் பதிலாக, சுடுமண்ணில் ஓர் உருவம் நிற்கும். எருமை, குதிரை, குதிரைமேல் மனிதர், பறவை, சிறுத்தை என்று பல. பெரும் சிற்பியின் நயம் அவற்றில் இல்லை. ஆனால் செய்தவர் அந்த விலங்கோடு பழகியவர் என்பது பார்த்த உடனே தெரியும்.

எங்கள் குழுவில் வந்த ஒரு பாட்டி எருமை நின்ற மூடியின் முன் வெகுநேரம் நகரவில்லை. அகன்று பிறைபோல் வளைந்த அந்தக் கொம்பு, சமவெளி எருமையின் கொம்பு அன்று. தோடர் குடியிருப்புகளான மந்துகளில் இன்றும் மேயும் மலை எருமையின் கொம்பு. அவர் சிறுமியாக இருந்த காலத்தில் தம் ஹட்டியிலும் அத்தகைய எருமைகள் இருந்ததாகச் சொல்லி, ஒவ்வொன்றின் பெயரையும் நினைவுகூரத் தொடங்கினார். பலகையில் எழுதியிருந்ததைவிட அவர் சொன்னது அதிகம்.

இவை யாருடையவை, எந்தக் காலத்தவை என்று கேட்பீர்கள். தோடரின் முன்னோருடையவை என்று ஒரு சாராரும், அவர்களுக்கு முன்பு இங்கு வாழ்ந்த வேறு மக்களுடையவை என்று மற்றொரு சாராரும் நூறாண்டுகளுக்கு மேலாக வாதிட்டு வருகிறார்கள். குழிகள் பலவற்றை அந்தக் காலத்தில் அடுக்கு அடுக்காகக் குறிப்பெடுத்துத் தோண்டவில்லை. பொருளை எடுத்தார்கள், அது கிடந்த நிலையை விட்டுவிட்டார்கள். காலக் கணிப்பில் இன்றுவரை உள்ள இழுபறிக்கு அதுவே முதன்மையான காரணம்.

ஊட்டியிலயே மியூசியம் இருக்கே? அதைப் பாக்காம அவ்வளவு தூரம் எதுக்கு?

நியாயமான கேள்வி. அதனால்தான் சென்னைக்குப் போகுமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமையை மலையிலேயே செலவிடச் சொல்கிறேன். ஊட்டி அரசு அருங்காட்சியகம் 1989 முதல் இயங்குகிறது. முத்தோரை பாலாடாவில் உள்ள பழங்குடியினர் ஆய்வு மையத்தில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு சமூகத்தாரின் பொருள்களும் வீட்டு அமைப்புகளும் காட்சிக்கு உள்ளன. நம் கண்ணேரிமுக்கில், கோவை ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் 1819-இல் கட்டிய பெத்தக்கல் பங்களா, இடிபாடாகக் கிடந்து பின்னர் செப்பனிடப்பட்டு, இப்போது நீலகிரி ஆவணங்களையும் பழைய படங்களையும் வைத்திருக்கிறது. கோத்தகிரிக்கு அருகே பனகுடி சோலையின் கல்திட்டைகளை, அதாவது பலகைக் கற்களால் கட்டிய பழைய ஈமச் சின்னங்களை, நேரில் பார்த்துவிட்டு எழும்பூருக்குப் போகிறவர், கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதைத் தனிப் பொருளாகப் பார்க்கமாட்டார். அது எடுக்கப்பட்ட மேட்டையும் காற்றையும் சேர்த்தே பார்ப்பார்.

கல்திட்டைகளுக்குள் தேங்காய் உடைப்பதும் பெயர் எழுதுவதும் கற்களைப் புரட்டிப் பார்ப்பதும் வேண்டாம். புதையல் கதைகளை நம்பித் தோண்டியவர்கள் ஏற்கெனவே போதிய சேதம் செய்திருக்கிறார்கள்.

கோட்டைக்குள்ள சாதாரண ஆளுங்களை விடுவாங்களா? அங்கதானே தலைமைச் செயலகம் இருக்கு?

விடுவார்கள். அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள், பையைச் சோதிப்பார்கள், சட்டமன்றம் கூடும் நாள்களில் கெடுபிடி அதிகம். உயர் நீதிமன்றம் மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் நடை தூரம். உள்ளே இருக்கும் அருங்காட்சியகம் இந்தியத் தொல்லியல் துறையினுடையது. அத்துறையின் இடங்களில் 15 வயதுக்குட்பட்டோருக்குக் கட்டணம் இல்லை. 1947 ஆகஸ்ட் 15 அன்று கோட்டையில் ஏற்றிய பட்டுக் கொடி அங்கே பாதுகாக்கப்பட்டிருக்கிறது. நாணயங்களையும் சீனத்துப் பீங்கான்களையும் விரைவாகக் கடந்தாலும், அந்தக் கொடியின் முன் சற்று நில்லுங்கள்.

அருகிலுள்ள புனித மரியாள் தேவாலயம் 1680-இல் அர்ச்சிக்கப்பட்டது. அங்கே அடக்கம் செய்யப்பட்டிருப்பவர்களுள் ஆளுநர் தாமஸ் மன்றோவும் ஒருவர். அவர் 1826-இல் ஊட்டிக்கு வந்து சல்லிவனின் விருந்தாளியாகத் தங்கியவர். மறு ஆண்டே இறந்துவிட்டார். தீவுத்திடலில் குதிரைமேல் அமர்ந்திருக்கும் அவருடைய சிலையைப் பேருந்திலிருந்தே பார்க்கலாம். சேணமும் அங்கவடியும் இல்லாத குதிரை என்பதைக் கவனியுங்கள்; சிற்பி மறந்துவிட்டார் என்று ஒரு கதை உண்டு, நான் அதை நம்பவில்லை.

மியூசியத்துல சாமி சிலைங்க இருக்கே, செருப்போட போலாமா? கும்பிடலாமா?

செருப்புடன் போகலாம், அது கோயில் அன்று. கும்பிடத் தோன்றினால் நின்ற இடத்தில் கை கூப்பலாம், யாரும் தடுப்பதில்லை. பூவோ விபூதியோ வைப்பதும் தொடுவதும் கூடாது. கையின் வியர்வையில் உள்ள உப்பு உலோகத்தை அரிக்கும் என்பது வெறும் கட்டுப்பாட்டுக்காகச் சொல்வதல்ல.

கோயில் சிலைகள் இங்கே எப்படி வந்தன என்ற கேள்வி இதன் உள்ளே இருக்கிறது. படையெடுப்பு, கலவரக் காலங்களில் சிலைகளை மண்ணில் புதைத்துக் காப்பது வழக்கமாக இருந்தது. புதைத்தவர்கள் மறைந்தார்கள், இடம் மறந்தது. பிறகு வீட்டுக்கு வாணம் தோண்டும்போதோ வயலை உழும்போதோ சிலை கிடைத்தால், 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும். அப்படிப் பெறப்பட்டவற்றுள் பல எழும்பூர் வந்து சேர்ந்தன. எனவே, நீங்கள் காணும் நடராசரைக் கோயிலிலிருந்து பிடுங்கி வந்தார்கள் என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது.

போட்டோ எடுக்கலாமா?

எழும்பூரில் கேமராவுக்குத் தனிக் கட்டணச் சீட்டு வாங்க வேண்டும். ஃபிளாஷ் எங்குமே வேண்டாம். எல்லாவற்றையும் படம் எடுப்பவர் எதையும் பார்ப்பதில்லை என்பது என் பல ஆண்டு அனுபவம். பெயர்ப்பலகையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், வீட்டில் வந்து படிக்க உதவும்.

பிள்ளைங்க பத்து நிமிஷத்துல “போலாம்”னு அழுதா?

அழுதால் வெளியே அழைத்து வந்து மரத்தடியில் உட்கார வையுங்கள். பிறகு ஒரு தாளும் பென்சிலும் கொடுத்து, ஒரே ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து வரையச் சொல்லுங்கள். அதற்கும் மசியாத பிள்ளைகளுக்கு வில்லிவாக்கத்து ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது, ரயில் பெட்டிகள் கட்டும் ஐ.சி.எஃப். தொழிற்சாலையை ஒட்டியது. நம் மலை ரயிலுக்குப் புதிய பெட்டிகள் கட்டப்பட்டதும் அந்தத் தொழிற்சாலையில்தான் என்று சொன்னால் குன்னூர்ப் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். கலங்கரை விளக்கத்தில் மின்தூக்கி இருப்பதால் முழங்கால் வலிக்காரர்களும் மேலே போகலாம். கோட்டை அருங்காட்சியகத்தில் மட்டும் மாடிப்படி ஏற வேண்டியிருக்கும்.

உள்ள போகாம, வெளிய நின்னே பாக்கற மாதிரி பழைய கட்டடம் எதெல்லாம்?

இந்தக் கேள்வி கேட்பவர்கள் எனக்குப் பிடித்தமானவர்கள். ஊட்டியில் நீலகிரி நூலகத்தின் உயர்ந்த சன்னலுக்கு முன் நின்றிருக்கிறீர்களா? 1859-இல் தொடங்கிய அந்த நூலகத்தின் கட்டடத்தை வடிவமைத்தவர் ராபர்ட் ஃபெல்லோஸ் சிஷோம். அதே மனிதர்தான் மெரினாவில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபத்தை 1874-க்கும் 1879-க்கும் இடையில் எழுப்பினார். மலையில் கட்டியது குளிர் நாட்டுப் பாணி. கடற்கரையில் கட்டியதோ குவிமாடமும் வண்ணக் கண்ணாடியும் சேர்ந்த, நம் நாட்டு மரபுகளைக் கலந்த பாணி. ஒரே கை, இடத்துக்கேற்ப இரண்டு விதமாக எழுதியிருப்பதை இரண்டையும் பார்த்தவரால்தான் உணர முடியும். அந்த வாய்ப்பு சென்னைக்காரரைவிட நமக்கு அதிகம்.

எழும்பூர் ரயில் நிலையம் 1908-இல் திறக்கப்பட்டது. 1899-இல் குன்னூர் வரை வந்து நின்ற நம் மலை ரயில் ஊட்டியை எட்டியதும் அதே 1908-இல்தான். உயர் நீதிமன்றக் கட்டடம் 1892-இல் முடிந்தது. அதன் வளாகத்தில் கல் தூணாக நிற்பது 1844-ஆம் ஆண்டின் பழைய கலங்கரை விளக்கம். மெரினாவில் விவேகானந்தர் இல்லம் 1842-இல் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டிய கிடங்கு. டிசம்பர் உறைபனியில் புல்வெளி வெள்ளையாவதைக் காசில்லாமல் பார்க்கும் நமக்கு, பனிக்கட்டியைக் கடல் கடந்து வரவழைத்த கதை வேடிக்கையாக இருக்கும்.

தட்சிணசித்ரா எல்லாம் செட்டுங்க, அதுக்கு எதுக்குக் காசு குடுக்கணும்?

செட் அன்று. தென்மாநிலங்களில் இடிக்கப்படவிருந்த பழைய வீடுகள் பலவற்றை, தூணும் கதவும் ஓடுமாகப் பிரித்துக் கொண்டுவந்து, 1996-இல் திறக்கப்பட்ட அந்த வளாகத்தில் மீண்டும் எழுப்பியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வீட்டு முற்றத்தில் ஒரு பகலைக் கழித்தால் போதும். இடம் பெயர்ந்த வீடு பழைய வீடுதானா என்று வாதிடலாம்; ஆனால் இடத்திலேயே விட்டிருந்தால் விறகாகியிருக்கும். மகாபலிபுரத்தையும் அதே நாளில் சேர்ப்பதானால், மேலே சொன்ன ‘இரண்டு இடம்’ கணக்கு அத்துடன் நிறைவுபெறும்.

நம்ம ஊர்ல தோண்டினதை நம்ம ஊருக்கே திருப்பிக் குடுக்கச் சொல்லக் கூடாதா?

இதுதான் முதல் பதிலில் நான் தள்ளிவைத்த வழக்கு. சொல்லலாம், சொல்வதற்கு முன்மாதிரியும் இருக்கிறது. கீழடியில் கிடைத்தவற்றைக் காட்ட 2023-இல் கீழடியிலேயே அருங்காட்சியகம் திறந்தார்கள். பழனி மலையில், கொடைக்கானலை அடுத்த செண்பகனூரில் இயேசு சபையார் 1895-இல் தொடங்கிய அருங்காட்சியகம், அந்த மலையின் தாவரங்களோடு பழங்கால மக்களின் எச்சங்களையும் அந்த மலையிலேயே வைத்திருக்கிறது. பழனி மலைக்கு முடிந்தது நீலகிரிக்கு ஏன் முடியாது என்பது வலுவான கேள்வி.

எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். ஆண்டில் பாதி நாள் சுவரில் நீர் கோத்து நிற்கும் நம் மலையில், பழைய இரும்பையும் வெண்கலத்தையும் காப்பதற்கு ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தும் கூடமும் பயிற்சி பெற்ற ஆட்களும் வேண்டும். எழும்பூரில் அதற்கென வேதியியல் பிரிவே இருக்கிறது. மேலும், நீலகிரிக் குழிகளின் தங்க நகைகளும் அழகிய வெண்கலக் கிண்ணங்களும் சில லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் உள்ளன. திருப்பிக் கேட்பதானால் எழும்பூரோடு நிற்க முடியாது. இவை இறந்தவர்களோடு புதைக்கப்பட்டவை என்பதையும் மறக்க வேண்டாம். கண்ணாடிப் பெட்டி சென்னையிலிருந்து ஊட்டிக்கு மாறுவதால் மட்டும் அவர்களுக்கு நியாயம் கிடைத்துவிடாது.

என் விருப்பம் சிறியது. ஆண்டில் சில மாதங்களுக்கு, மழை இல்லாத காலத்தில், ஒரு பத்து மூடிகளையேனும் ஊட்டியில் காட்சிக்கு வைக்கலாம். அதை எந்த மேட்டில், எந்த ஊருக்கு அருகே எடுத்தார்கள் என்று தமிழில் எழுதி வைக்கலாம். அந்த ஊர்ப் பிள்ளைகள் வந்து பார்க்க அதுவே போதுமான காரணம்.

எங்க தாத்தா கண்டியில இருந்து வந்தவர். நாங்க தோட்டத்து லைன்ல இருக்கறவங்க. இந்த மியூசியத்துலயெல்லாம் எங்களைப் பத்தி என்ன இருக்குங்க?

அநேகமாக ஒன்றும் இல்லை. கேட்டவர் பன்னிரண்டாம் வகுப்பு மாணவி. அவருக்கு வேறு பதில் சொல்லியிருந்தால் அது பொய்யாக இருந்திருக்கும். 1964-ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கைத் தோட்டங்களிலிருந்து தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக, 1968-இல் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் இங்கே தொடங்கப்பட்டன. கூடலூரிலும் குன்னூரிலும் கோத்தகிரியிலும் இருக்கும் பல குடும்பங்களின் கதை இதுதான். இந்தக் கதைக்கு நான் காட்டிய கூடங்களில் ஒரு பெட்டியும் இல்லை.

ஆவணமாகத் தேடுவதென்றால், எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகமும், 1994-இல் நிறுவப்பட்டு இப்போது தரமணியில் இயங்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் உள்ளன. ஆவணக் காப்பகத்துக்கு முன்னதாக விண்ணப்பித்து அனுமதி பெற வேண்டும். கல்லூரியில் சேர்ந்த பின் துறைத்தலைவரின் கடிதத்தோடு போவது எளிது. அதற்கு முன்னரே செய்யக்கூடிய வேலை வீட்டில் இருக்கிறது. தாத்தா காலத்துக் குடும்ப அட்டை, இலங்கையிலிருந்து வந்தவர்களைத் தங்கவைத்த மண்டபம் முகாமில் கொடுத்த சீட்டுகள், இலங்கைத் தோட்டத்துச் சம்பளத் துண்டு, கப்பலில் கொண்டுவந்த டிரங்குப் பெட்டி ஆகியவற்றை எடுத்துப் பாருங்கள். தாள்களை லேமினேட் செய்யாதீர்கள். அந்தச் சூடும் பசையும் பழைய தாளைக் கெடுத்துவிடும், பிறகு பிரித்தெடுக்கவும் இயலாது. பகல் வெளிச்சத்தில் இரு பக்கமும் படம் எடுத்துவிட்டு, சுத்தமான பருத்தித் துணியில் சுற்றி, அடுப்புப் புகையும் மழை ஈரமும் படாத உயரத்தில் வையுங்கள். அட்டையில் உள்ள பெயர்களுக்கு எதிரே, யார் யார் இன்று எந்தத் தோட்டத்தில் இருக்கிறார்கள் என்று தனித்தாளில் பாட்டியைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்த மாணவி அடுத்த பயணத்துக்கு வந்தபோது அப்படி எழுதிய நான்கு பக்கங்களைக் கொண்டுவந்திருந்தார். ரயிலில் மேட்டுப்பாளையம் தாண்டுவதற்குள் குழுவில் இருந்த வேறு இரண்டு பேர் தங்கள் உறவினரின் பெயரை அதில் கண்டுபிடித்துவிட்டார்கள்.